கப்பல் ஏறுமுன் டார்ச்சைப் பார்க்கணும்

கடற்படைத் துறைமுகத்தில் ஹெல்மெட் அறையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சட்டென்று அவள் பெயர் வாயில் வராது. "டார்ச்சைக் கேளுங்க" என்பார்கள். அந்தப் பட்டப்பெயர் அவளுடைய பழைய வேலையிலிருந்து கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. துறைமுகத்துக்கு வருமுன் அவள் ஒரு சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து, படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களை இருட்டில் இருக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனவள். அந்தத் தியேட்டரை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். அதற்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எல்லாப் படத்தையும் நின்றுகொண்டே பார்த்தவளுக்கு அதில் என்ன துக்கம் இருக்கும்!

அதே தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர்தான் இப்போது அவளுடைய மாமியார். எவ்வளவு பெரிய படம் வந்தாலும் கம்பிக்குப் பின்னால் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே கூட்டத்தை வரிசையில் நிறுத்தியவர். இந்தப் பெண் இருட்டில் ஒருத்தர் காலையும் மிதிக்காமல் நடப்பதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, முடிதிருத்தும் கடை வைத்திருந்த தன் மகனுக்குப் பெண் கேட்டு முடித்துவிட்டார். ஆக, ஊர்க் கூட்டத்தையெல்லாம் மேய்த்த இரண்டு பேர் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தார்கள். மேய்க்கப்படுவதற்கு வீட்டில் மிச்சம் இருந்தது அவள் கணவன் ஒருவன்தான். அவனும் வாயைத் திறக்காமல் மேய்ந்துகொண்டிருந்தான்.

துறைமுகத்தில் அவளுடைய வேலை பெரிதாக ஒன்றுமில்லை. பட்டறைக்குப் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் கொடுக்க வேண்டும், சாயங்காலம் திரும்ப வாங்கித் துடைத்து அடுக்க வேண்டும். அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் போர்க்கப்பல்கள் வந்து கட்டும். சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நகர்ந்து வந்து ஜன்னலை அடைத்துக்கொள்ளும், சில நாளில் விலகிப் போகும். அத்தனை கப்பல் பார்த்திருந்தாலும் ஒன்றில்கூட அவள் கால் வைத்ததில்லை. வைக்க வேண்டிய வேலை வரவில்லை.

அந்த வருஷம் பெரிய கப்பல் ஒன்று வந்தது. மூன்று நாள் பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், ஊரே ஒரு காலில் நின்றது. கணவனின் கடையில் பாதி முகத்துக்கு நுரை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூடப் பீரங்கியைப் பற்றித்தான் பேசினார்கள்.

பொதுமக்களை விடுவதற்கு முன்னால் ஒத்திகை மாதிரி ஒரு நாள் துறைமுக ஊழியர்களின் குடும்பங்களை மட்டும் வரச்சொன்னார்கள். பார்வையாளர்களைக் கவனித்துக்கொள்ளக் கப்பலிலிருந்து ஒரு இளம் அதிகாரி இறங்கி வந்தார். நல்ல மனுஷன். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கப்பலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒன்று விடாமல் வாசித்தார். எதிரே நின்றவர்கள் தலையைத் தலையை ஆட்டினார்கள். ஆனால் ஒருத்தர் பார்வையும் அவர் மேல் இல்லை. எல்லாக் கண்ணும் அவர் தலைக்கு மேலே, கப்பலில் இருந்தது. பீரங்கி இருக்கிற பக்கமாகச் சின்னப் பிள்ளைகள் நகர்ந்துகொண்டே போனார்கள்; பெற்றவர்கள் பிள்ளைகளைப் பிடிக்கிற சாக்கில் தாங்களும் நகர்ந்தார்கள்.

அப்புறம் நடந்ததை ஹெல்மெட் ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறுபாலத்தைத் தாண்டி முதல் இரும்புக் கதவு. கப்பல் கதவுக்கு வீட்டுக் கதவு மாதிரி தரையோடு தரையாக வாசல் கிடையாது. தண்ணீர் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று முழங்கால் உயரத்துக்கு இரும்பு விளிம்பு வைத்திருப்பார்கள். பெயின்ட் பிரிவு மேஸ்திரி அண்ணாந்து பார்த்தபடி போய் அந்த விளிம்பில் தடுக்கி, முன்னால் போன மச்சான் முதுகில் விழுந்தார். மச்சான் தன் மனைவி மேல் விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் அதிகாரியின் முகம் வெளுத்துப்போனது. நாளைக்கு மறுநாள் இதைப் போலப் பல மடங்கு கூட்டம் வரப்போகிறது.

அவர் தாளை மடித்துக்கொண்டு ஹெல்மெட் அறைப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தார். எங்கே தப்பு பண்ணினோம் என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார். அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"நீங்க நல்லாத்தான் சொன்னீங்க சார். ஆனா அவங்க முன்னாடி கப்பல நிக்க வச்சுக்கிட்டு சொன்னீங்க. திரையில படம் ஓடும்போது காலைப் பாத்து நடங்கன்னா யார் கேப்பாங்க?"

அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். தியேட்டர் கதையெல்லாம் கேட்டார். கேட்டு முடித்ததும், "அப்ப நீங்களே சொல்லுங்களேன் அக்கா" என்றார், ஏதோ உப்பை எடுத்துக் கொடுங்கள் என்பதுபோல.

கப்பலுக்குள் காலே வைக்காதவள் கப்பலைப் பற்றி எப்படிச் சொல்வாள் என்று கேட்டாள். அதற்கென்ன, இப்போதே போய்ப் பாருங்கள் என்று சொல்லி, தலைமை மாலுமியைக் கூப்பிட்டுவிட்டார்.

தலைமை மாலுமி ஆள் குட்டை, கழுத்தே கிடையாது, அதிர்ந்து பேசமாட்டார். கப்பலுக்குள் வளர்ந்த மாதிரி எல்லா வாசலிலும் தானாகக் குனிந்து, தானாகக் காலைத் தூக்கி நடந்தார். அவள் அவர் பின்னாலேயே ஓடினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆசை அப்படி. உள்ளே எண்ணெய் வாசமும் புதுப் பெயின்ட் வாசமும் எங்கோ ரொட்டி சுடுகிற வாசமும் கலந்து வந்தது. தலைக்கு மேலே குழாய்கள், கேபிள்கள், இன்னும் குழாய்கள். முதல் கதவில் முழங்காலுக்குக் கீழே நன்றாக ஒரு இடி வாங்கினாள். இரண்டாவது கதவில் காலை ஞாபகமாகத் தூக்கினாள், தலையை மறந்துவிட்டாள். மேல்தளத்துக்குப் போகிற ஏணிப்படியில் துள்ளிக்கொண்டு ஏறினவள், இறங்கும்போது வீட்டு மாடிப்படி மாதிரி முன்பக்கமாகக் காலை வைத்தாள். குதிகால் வழுக்கி, கைப்பிடிக் கம்பியில் தொங்கினாள்.

தலைமை மாலுமி கீழே நின்றபடி, "எல்லாரும் அப்படித்தான் இறங்குவாங்க" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புடைத்ததையும் சிராய்த்ததையும் கணவனிடம் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவன் பதறினான். அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எங்கெல்லாம் தனக்கு அடிபட்டதோ அங்கெல்லாம் வருகிறவர்களுக்கும் அடிபடும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அடுப்படியில் நின்றபடியே சொல்லிப் பார்த்தாள். கால், தலை, கை, ஏணி, தரையில் சுருண்டு கிடக்கிற கயிற்றுக்குள் நிற்காதே, சுவரில் இருக்கிற எந்தப் பொத்தானையும் தொடாதே. மாமியார் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். கத்தி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"நீளம்" என்றார் கடைசியில். "ஒரு ஆளுக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுக்கற நேரத்துக்கு மேல வாய்ப்பேச்ச எவனும் கேக்கமாட்டான். மிச்சத்தச் செய்ய வை."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் தூங்கப் போகும்போது யோசித்துப் பார்த்தால் மாமியார் சொன்னது சரியாகத்தான் பட்டது. செய்ய வைக்க வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு அல்ல, ஏறுவதற்கு முன்னால்.

மறுநாள் விடிந்ததும் துறைமுகத் தச்சரைப் போய்ப் பிடித்தாள். அவர் வேறு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று முதலில் முறைத்தார். எதற்கு என்று சொன்னதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். மத்தியானத்துக்குள் சரக்குக் கொட்டகையில் ஒரு பொய்க் கப்பல் தயார். மரத்தில் ஒரு குட்டை வாசல், அதற்கு முழங்கால் உயர விளிம்பு, தலைக்கு அடிபடாமல் இருக்க மேல் சட்டத்தில் பஞ்சு வைத்துக் கட்டிய துணி. அதைத் தாண்டினால் கப்பலில் இருக்கிற அதே செங்குத்தில் ஒரு ஏணிப்படி. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். கொட்டகையின் கடல் பக்கம் பூராவும் தார்ப்பாய் கட்டி மறைக்கச் சொன்னாள். உள்ளே நிற்கிறவனுக்குக் கப்பலின் நுனிகூடத் தெரியக் கூடாது. அதிகாரி வந்து பார்த்தார். வாசலில் குனிந்து, ஏணியில் ஏறி, சரியாகப் பின்பக்கமாக இறங்கி, பிரமாதம் என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது பஞ்சில் தலையை இடித்துக்கொண்டார்.

முதல் நாள் வாசற்கதவைத் திறந்தபோது கூட்டம் சாலைத் திருப்பம் வரை நின்றது. அவள் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு, கையில் பழைய வழக்கத்துக்கு ஒரு டார்ச் வைத்துக்கொண்டு கொட்டகை வாயிலில் நின்றாள். முதல் கூட்டம் உள்ளே வந்ததும் டார்ச்சைத் தூக்கி ஆட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். கப்பல் ஓடிப்போகாது, கட்டித்தான் போட்டிருக்கு. நீங்க விழாம இருந்தா எல்லாத்தையும் பாக்கலாம். வாங்க, இந்த வாசல்ல ஒருதடவ விழுந்து பாருங்க."

சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு வந்துவிட்டால் கூட்டம் தன் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். முதலில் குதிகால் உயர்ந்த செருப்புகளையும் வழுக்குகிற செருப்புகளையும் கழற்றச் சொல்லி, அலமாரியிலிருந்து ரப்பர் அடி போட்ட துணிக் காலணி கொடுத்தார்கள். கல்யாணமாகி சில வாரமே ஆன ஒரு பெண் தன் புதுச் செருப்பைப் பிரிய மனசில்லாமல் கணவன் கையில் கொடுத்தாள்; அவன் அதை நாள் முழுக்க மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றினான். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் ஏணியில் ஏறி இறங்கிவிட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். கேட்டால், கப்பல் இருக்கட்டும், இதுவே நன்றாக இருக்கிறது என்றார். ஏணியின் உச்சியில் ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "முகம் ஏணிக்கு, முதுகு ஊருக்கு." மத்தியானத்துக்குள் பிள்ளைகள் அதை ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மாமியார் வந்தார். நல்ல சேலை, கைப்பை, டக் டக்கென்று சத்தம் போடுகிற செருப்பு. மருமகள் எல்லார் முன்னாலும் செருப்பைக் காட்டி, "அத்தை, இது ஆகாது" என்றாள். கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊரையே வரிசையில் நிறுத்தியவருக்கு எப்படி இருந்திருக்கும்! துணிக் காலணியை மாட்டிக்கொண்டார். ஆனால் மரவாசலைத் தாண்டி ஏணியில் ஏறிக் காட்டு என்றால், அதுவும் மருமகள் சொல்லி, ஊர் பார்க்க? அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், பயிற்சி முடித்துக் கப்பலுக்குக் கிளம்பிய கூட்டத்தின் நடுவில் மாமியார் நுழைந்து போய்விட்டார். வரிசையைக் கட்டத் தெரிந்தவருக்கு வரிசையில் எங்கே ஓட்டை என்றும் தெரியாதா?

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கூட்டத்தோடு அவளும் கப்பலுக்குப் போனாள். பீரங்கி இருக்கிற தளத்தில் நிற்கும்போது காற்று மாறியது. கடல் பக்கமிருந்து கறுப்பாக ஒரு மேகம் எழுந்து வந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் துளிகள் இரும்புத் தரையில் சடசடவென்று விழுந்தன, அடுத்த மூச்சில் கொட்டியது. தூரத்தில் இடி. மேலே திறந்த தளத்தில் இருப்பவர்கள் உடனே கீழே இறங்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மேலேயிருந்து வருவதற்கு ஒரே ஏணி.

அவள் ஏணியடிக்கு ஓடினாள். தலைமை மாலுமியும் வந்துவிட்டார். மேலே இருந்த கூட்டம் முண்டியடித்துக்கொண்டு ஏணி வாய்க்கு வருவது தெரிந்தது. முதல் ஆள் தடித்த ஒரு மனிதர். அவசரத்தில் முன்பக்கமாகவே காலை எடுத்து வைத்தார். அவள் கத்த வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து ஐந்தாறு குரல்கள் ஒன்றாகக் கேட்டன: "முகம் ஏணிக்கு, முதுகு ஊருக்கு!" அவர் திரும்பினார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, படி படியாக இறங்கினார். அடுத்தவரும் அப்படியே இறங்கினார். குடையை மடக்கி மேலேயே போட்டுவிட்டுக் கை காலியாக ஒருத்தி. முதுகில் குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு தகப்பன். தள்ளுமுள்ளு இல்லை. ஒருத்தர் கால் தரையைத் தொட்ட பிறகுதான் அடுத்தவர் ஏணியில் கால் வைத்தார். அவள் நனைந்துகொண்டே நின்று பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியதே இல்லாமல் அவளுடைய சொல் மேலேயிருந்து வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது, மழையால் மட்டும் அல்ல.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து அண்ணாந்தாள். உச்சியில் ஒரு ஆள் மிச்சம். நனைந்த சேலை காற்றில் படபடக்க, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி மாமியார் நின்றார்.

அவள் விறுவிறுவென்று ஏறிப் போனாள்.

"வாங்க அத்தை, இடி கிட்ட வருது."

"நீ போம்மா. மழை விட்டதும் வரேன்."

"மழை விடறவரைக்கும் இங்க நிக்கக் கூடாது."

மாமியார் கீழே பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு தடுமாற்றத்தை அவள் கண்டதே இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கால முதல்ல வைக்கணும்னு தெரியல. நீ சொல்லிக் குடுத்தப்ப நான் நழுவிட்டேன்."

"அதனால என்ன, இப்ப சொல்றேன். பைய என்கிட்ட குடுங்க. திரும்பி நில்லுங்க."

பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் முதலில் இரண்டு படி இறங்கினாள். மாமியாரின் கணுக்காலைப் பிடித்து, காலணியின் நடுப்பகுதி படியில் பதியும்படி வைத்தாள். அடுத்த காலையும் அப்படியே வைத்தாள். தண்ணீர் ஏணிவழியே அருவியாக வந்து அவள் முகத்தில் அடித்தது. பாதியில் மாமியார் நின்றுவிட்டார்.

"இன்னும் எத்தனை படி இருக்கு?"

"அதச் சொல்லமாட்டேன். இப்ப அடுத்த படி மட்டும்தான் உங்களுது."

"கவுன்ட்டர்ல நான் பேசற மாதிரியே பேசறே" என்றார் மாமியார் மேலேயிருந்து. ஆனால் காலை எடுத்து வைத்தார்.

கால் தரையில் பட்டதும் தலைமை மாலுமி கையைக் கொடுத்துக் கூரைக்கு உள்ளே இழுத்தார். அங்கே ஒண்டியிருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். மாமியாரின் கொண்டை அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கினார். திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியை ஒருதடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மழை விட்டா இன்னொரு தடவ விடுவாங்களா?" என்றார்.

மழை விட்டது. தளத்தைத் துடைத்துக் காயவைத்த பிறகு மறுபடியும் ஆட்களை விட்டார்கள். அதற்கு முன்னால் மாமியார் கொட்டகைக்குத் திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே மரவாசலைத் தாண்டி, மரஏணியில் ஏறி இறங்கினார். அவள் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றுகொண்டாள். பார்த்தால் அவருக்குப் பிடிக்காது.

மறுநாள் காலையில் அவள் கொட்டகைக்குப் போனபோது, வாயிலில் ஒரு நாற்காலி போட்டு மாமியார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். குதிகால் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் ஒற்றை விரலால் அலமாரியைக் காட்டினார். ஒரு பெரிய மனிதர் தன்னைத் தெரியாதா என்று கேட்டார்; தெரியாதே, செருப்பைக் கழற்றுங்கள் என்றார் மாமியார். அதிகாரி அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, அந்த அம்மாவை யார் நியமித்தது என்று விசாரித்தார். தெரியவில்லை என்றாள் அவள். சரி, வரிசை இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது கேட்பானேன் என்று அவரும் விட்டுவிட்டார்.

மூன்று நாளும் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. தச்சருக்கு மட்டும் ஏணியைக் கழற்றும்போது விரலில் சிராய் ஏறியது.

அதற்குப் பிறகு எந்தக் கப்பல் வந்தாலும் பார்வையாளர்களைத் தயார்செய்வது அவள் வேலையாகிவிட்டது. ஹெல்மெட் அறைக்கு வேறு ஆள் போட்டார்கள். ஆனால் அதையெல்லாம்விட அவள் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாளாதது, நான்காம் நாள் காலையில் நடந்ததைத்தான். உதவிக்கு நின்ற துறைமுகக்காரர்களையும் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றிவரக் கப்பல்தலைவர் சம்மதித்திருந்தார்.

கயிறுகளை அவிழ்த்தார்கள். உள்ளங்காலில் எஞ்சினின் அதிர்வு ஏறியது. கப்பல் நகர்கிறதென்றே முதலில் தெரியவில்லை. துறைமுக மேடைதான் விலகிப் போவதுபோல இருந்தது. பட்டறைகள், பாரந்தூக்கிகள், ஊரின் மொட்டைமாடிகள் எல்லாம் தீப்பெட்டி அளவாகின. சுவரின் முனையைத் தாண்டியதும் முதல் பெரிய அலை கப்பலின் மூக்கைத் தூக்கியது. கணவன் முகம் பச்சையாகி, சுவரோரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மாமியார் அவன் தலையை ஒருதடவை தடவிக் கொடுத்துவிட்டு, மருமகள் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவன் கிடக்கட்டும். வா, முன்னாடி போலாம்."

இருவரும் கம்பியைப் பிடித்தபடியே கப்பலின் மூக்குவரை போனார்கள். மூக்கு இறங்கியது, தண்ணீர் வெள்ளையாக உடைந்து எழும்பி இரண்டு பேரையும் தலையோடு நனைத்தது. மாமியார் வாயில் போன உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டு இன்னும் ஒன்று வருகிறது, பிடித்துக்கொள் என்று கத்தினார். அவள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டாள்.